கோணலாக வெட்டினாலும் அழகாக வரும் காகித வேலைகள்

உங்கள் கேள்வி இது: ஐந்து வயதில் ஒரு மகள், எட்டு வயதில் ஒரு மகன். விடுமுறையில் இருவரோடும் உட்கார்ந்து காகிதத்தில் எளிய அலங்காரங்கள் ஏதாவது செய்யப் பார்க்கிறீர்கள். பத்து நிமிடத்தில் சின்னவள் அழுகிறாள், பெரியவன் எழுந்து போய்விடுகிறான், மிச்சத்தை நீங்கள் தனியாக ஒட்டி முடிக்கிறீர்கள். எதில் தொடங்குவது, என்னென்ன வாங்குவது?

வாங்க வேண்டியது மிகக் குறைவு. மாற்ற வேண்டியது வேலையைத் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான்.

நீங்கள் செய்து பார்த்ததாகச் சொன்னவை ஒரு கரடி முகமும் ஒரு பூச்சாடியும். இரண்டிலும் ஒரு வட்டத்தைச் சரியாக வெட்ட வேண்டும், அதன் மேல் கண், மூக்கு, பூ, இலை என்று ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். ஓர் இடத்தில் கை தவறினால் உருவமே கெட்டுப்போகும். ஐந்து வயதுக் கைக்கு வட்டம் வெட்டுவது மிகக் கடினம். தான் செய்தது படத்தில் இருப்பதுபோல இல்லை என்பது மட்டும் அந்த வயதுக்கு நன்றாகவே தெரியும். அவள் அழுததற்குக் காரணம் பொறுமையின்மை இல்லை. கைக்கு எட்டாததைக் கண் கேட்டது.

இதற்கு நேர்மாறான வேலைகள் இருக்கின்றன. மடித்துவிட்டு வெட்டுவது ஒரு வகை. ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் செய்து கோப்பது இன்னொரு வகை. மடித்து வெட்டும்போது கோணலான ஒரு வெட்டு எட்டு இடத்தில் அதே கோணலோடு வரும், அப்போது அது வடிவமாகிவிடும். நாற்பது வளையம் கோத்த சங்கிலியில் எந்த வளையம் அகலம், எது குறுகல் என்று யாரும் பார்ப்பதில்லை. துல்லியத்தைக் காகிதம் பார்த்துக்கொள்ளும், பிள்ளை வெட்டினால் போதும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் காகித வேலை செய்துவருகிறேன். இந்த இரண்டு வகையில் அடங்காத எதையும் ஏழு வயதுக்கு முன்னால் நான் கையில் கொடுப்பதில்லை.

முதலில் காகிதம். சாதாரண ஏ4 தாள், 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். வண்ணத் தாள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளைப் பிள்ளைகளே வண்ணம் தீட்டட்டும். 200 ஜிஎஸ்எம் தடிமனுள்ள அட்டையை மடிப்பு வேலைக்கு வாங்காதீர்கள். மடித்த இடத்தில் வெடிக்கும், நான்கு அடுக்கானால் பிள்ளையின் கத்தரிக்கோல் உள்ளே போகாது. செய்தித்தாள் ஏறக்குறைய 45 ஜிஎஸ்எம்தான் இருக்கும், அதனால் பல அடுக்காக மடித்து வெட்டிப் பழக அதைவிட நல்ல தாள் இல்லை. பளபளப்புத் தூள் மட்டும் வேண்டாம். தரையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் அதைப் பொறுக்கி எடுக்கவே விடுமுறை போதாது.

காகிதத்துக்கு இழை ஓட்டம் என்று ஒன்று உண்டு. இயந்திரத்தில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், ஏறக்குறைய நேராகக் கிழியும். பக்கவாட்டில் கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். இதை ஒரு முறை மகனுக்குக் காட்டுங்கள், அரை மணி நேரம் கிழித்துக்கொண்டே இருப்பான். பயனும் உண்டு. இழையின் திசையில் மடித்தால் மடிப்பு கூர்மையாகப் படியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். தாளை மடிக்காமல் லேசாக இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் இணங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

கத்தரிக்கோலில்தான் பலர் தவறுகிறார்கள். குழந்தைக்கு என்றவுடன் மொட்டையான ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார்கள். நுனி மழுங்கியிருக்க வேண்டும், விளிம்பு மழுங்கியிருக்கக் கூடாது. விளிம்பு மழுங்கினால் காகிதம் வெட்டுப்படாமல் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் மடங்கி நுழைந்துகொள்ளும். பிள்ளை தனக்கு வெட்டத் தெரியவில்லை என்று முடிவு செய்துவிடும். உங்கள் மகளுக்குக் கொடுத்த கத்தரிக்கோலை நீங்களே ஒரு முறை வாங்கி வெட்டிப் பாருங்கள். பிள்ளைகளில் யாராவது இடதுகைப் பழக்கம் உள்ளவரா? அப்படியானால் இடதுகைக் கத்தரிக்கோல் தனியாக வேண்டும். வலதுகைக்கானதை இடதுகையில் பிடித்தால் மேல் தகடு வெட்டும் கோட்டை மறைக்கும், விரல்களின் அழுத்தம் தகடுகளை ஒன்றோடொன்று நெருக்காமல் விலக்கும்.

பிடிக்கும் முறை: கட்டைவிரல் மேல் துளையில், வானத்தைப் பார்த்து. நடுவிரல் கீழ்த் துளையில். ஆள்காட்டி விரல் வெளியே, துளைக்குக் கீழே தாங்கலாக. வளைவு வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் மற்றக் கை தாளைத் திருப்ப வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் புரியாது, எதிரே உட்கார்ந்து நீங்கள் வெட்டுவதைப் பார்த்தால் இரண்டு நாளில் வந்துவிடும். வெட்டும்போது பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். நாக்கு நுனி உதட்டோரம் வெளியே வந்திருக்கும், கத்தரிக்கோல் திறக்கும்போது தாடையும் திறக்கும், மூடும்போது மூடும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள். முழு உடம்பும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பசைக்குக் குளூ ஸ்டிக் போதும். நீர்த்த பசை காகிதத்தை நனைத்துச் சுருங்க வைக்கும். வெள்ளைப் பசை இருந்தால் ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி, தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு அளவு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாட்டிலைக் கையில் கொடுத்தால் அழுத்துவதுதான் விளையாட்டாகிவிடும்.

முதல் வேலை, சங்கிலி. மிக எளியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், அகலம் 21. நீளத்தில் மூன்று மூன்று சென்டிமீட்டராகக் குறித்து, அகலவாக்கில் வெட்டினால் 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒன்பது பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சென்டிமீட்டர் ஏற்றி ஒட்டினால் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில் வளையம். ஐந்து தாளில் 45 வளையங்கள், அதாவது இரண்டரை மீட்டருக்குக் குறையாத சங்கிலி. பெரியவன் கோடு போட்டு வெட்டட்டும், சின்னவள் கோத்து ஒட்டட்டும். ஒட்டிய இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். பசை பிடிக்க அந்த நேரம் வேண்டும், எண்ணுவது அவளுக்குப் பிடிக்கும். விடுமுறையில் மிச்சம் எத்தனை நாளோ அத்தனை வளையம் கோத்துத் தொங்கவிட்டு, நாளுக்கு ஒன்றாகக் கழற்றுவதும் உண்டு. நாட்கள் குறைவதைக் கண்ணால் பார்ப்பது ஐந்து வயதுக்கு நாட்காட்டியைவிட நன்றாகப் புரிகிறது.

எட்டு வயதுக்காரனுக்குச் சங்கிலி சீக்கிரம் சலிக்கும். அவனுக்காக ஒன்று வைத்திருங்கள். தாளின் நீளவாக்கில் நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையை அரைச் சுற்று திருப்பி ஒட்டச் சொல்லுங்கள். இனி அதன் நடுவே நெடுக வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் எத்தனை வளையம் வரும் என்று கேளுங்கள். இரண்டு என்பான். வருவது ஒன்றுதான், இரண்டு மடங்கு நீளத்தில். முழுச் சுற்று திருப்பி ஒட்டி வெட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி வரும். அரைச் சுற்றுப் பட்டையை நடுவில் வெட்டாமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டினால் இன்னொரு வியப்பு இருக்கிறது, அதை அவனே கண்டுபிடிக்கட்டும். 1858இல் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியக் கணித அறிஞர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் எட்டிய உருவம் இது. இதைச் செய்துவிட்டு எழுந்து போன பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, காகிதப் பனிப்பூ. ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர் விளிம்புக்கு இழுத்து முக்கோணமாக மடித்தால் ஓரத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அதை வெட்டி எடுத்துவிட்டால் 21 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். மிஞ்சிய பட்டை சங்கிலிக்கு.

சின்னவளுக்கு: சதுரத்தைப் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, பிறகு தாளின் நடுப்புள்ளி முனையாக இருக்கும்படி மூலைவிட்டமாக ஒரு மடிப்பு. மொத்தம் எட்டு அடுக்கு. செய்தித்தாளாக இருந்தால் தயங்காமல் வெட்டலாம். விரித்தால் நான்கு பக்கமும் ஒத்திருக்கும் பூ.

பெரியவனுக்கு ஆறு இதழ். சதுரத்தை மூலைக்கு மூலை முக்கோணமாக மடியுங்கள். நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து வலது பக்கத்தை மேலே தூக்கி மடித்து, இடது பக்கத்தை அதன் மேல் கொண்டுவந்து மடிக்க வேண்டும். மூன்று பங்கும் சமமாக, ஒவ்வொன்றும் 60 பாகையாக இருக்க வேண்டும். அழுத்திப் படிய வைக்கும் முன்னால் இரு பக்கமும் தளர்வாக நகர்த்திப் பார்த்து, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்திய பிறகே நகத்தால் தேய்க்கச் சொல்லுங்கள். கடைசியாக நடுவில் ஒரு மடிப்பு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வால்களை வெட்டி எறிந்துவிடலாம். இப்போது பன்னிரண்டு அடுக்கு. 80 ஜிஎஸ்எம் தாளில் இது கடினம், மெல்லிய தாளாகக் கொடுங்கள்.

விதி ஒன்றுதான்: ஒரு மடிப்போரத்தில் தொடங்கிய வெட்டு எதிர் மடிப்போரம் வரை போய்விடக் கூடாது. போனால் பூ துண்டு துண்டாகிவிடும். முனையில் நுனியைக் கிள்ளினாற்போல வெட்டினால் மட்டும் பூவின் நடுவில் ஒரு துளை விழும். மற்ற எல்லாம் அவர்கள் விருப்பம். அரைவட்டம், முக்கோணம், பல் பல்லாக, எப்படியும். எவ்வளவு அதிகம் வெட்டுகிறார்களோ அவ்வளவு நன்றாக வரும். ஆகவே, “போதும் கண்ணா” என்று சொல்லாதீர்கள்.

விரிக்கும் நேரத்துக்குத்தான் இத்தனையும். அவசரப்படுத்தாதீர்கள். பன்னிரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், வெட்டிய நறுக்குகள் இடையில் சிக்கியிருக்கும். பிள்ளை ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்கும்போது நறுக்குகள் மடியில் உதிரும். கடைசி மடிப்புத் திறக்கும்போது ஒரு கணம் சத்தமே இருக்காது. பிறகு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும். தான் வெட்டியது இதுவா என்று பிள்ளைக்கே நம்பிக்கை வராது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஆண்டுதோறும் இதைச் செய்கிறேன்.

உண்மையான பனித்துகளுக்கும் ஆறு கைகள்தான். உறையும்போது நீரின் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன என்பதே காரணம். 1885இல் அமெரிக்க விவசாயி வில்சன் பென்ட்லி நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒரு பனிப்படிகத்தைத் தனியாகப் படம் பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார், இரண்டு ஒன்றுபோல இருக்கக் கண்டதில்லை. பிள்ளைகள் வெட்டுபவையும் அப்படித்தான். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது விளக்குக் கூடு. ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்தால் 10.5 சென்டிமீட்டர் உயரம். திறந்த விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு. அதுதான் நிற்க வேண்டிய இடம். மடிப்புப் பக்கத்திலிருந்து தொடங்கி அந்தக் கோடு வரை, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். பாதிப் பேர் திறந்த பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கி, தாளைச் சீப்பாக்கிவிடுவார்கள். மடிப்புப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு வண்ணப் பொட்டு வைத்துவிட்டால் இது நடக்காது. விரித்து உருளையாகச் சுற்றி ஒட்டினால் கூடு தயார்.

இதை அப்படியே விட்டால் மறுநாள் தளர்ந்து நீண்டுவிடும். அதற்கு ஒரு வழி: வேறு வண்ணத்தில் இன்னொரு தாளை 18 சென்டிமீட்டர் உயரமாகக் குறைத்து முதலில் உருளையாக்குங்கள். வெட்டிய தாளை அதன் மேல் சுற்றி, மேல் விளிம்பை மேல் விளிம்போடும் கீழ் விளிம்பைக் கீழ் விளிம்போடும் ஒட்டுங்கள். வெளித்தாள் மூன்று சென்டிமீட்டர் கூடுதல் என்பதால் நடுவில் புடைத்தே நிற்கும், வெட்டுகளின் இடைவெளியில் உள்வண்ணம் தெரியும். உள்ளே வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரி விளக்கு மட்டும் வையுங்கள். மெழுகுவர்த்தி ஒருபோதும் வேண்டாம், இதில் விதிவிலக்கே இல்லை.

விசிறி நட்சத்திரத்துக்கு ஸ்கேல் தேவையில்லை. தாளின் நீளத்தைப் பாதி, பாதி, பாதி, பாதி என்று நான்கு முறை மடித்துப் பிரித்தால் பதினாறு சம பாகங்களுக்கான கோடுகள் விழுந்திருக்கும். அந்தக் கோடுகளிலேயே முன்னும் பின்னுமாக மடித்தால் விசிறி. இரு நுனிகளையும் சாய்வாக வெட்டி, நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி விரியுங்கள். இப்படி இரண்டு செய்து ஓரங்களை ஒட்டினால் முழு வட்டமாகிவிடும். ஒட்டும் நேரத்தில் நான்கு கைகள் வேண்டும். அண்ணன் பிடிக்க, தங்கை ஒட்டலாம்.

வாழ்த்து அட்டைக்கு ஒரே ஒரு உத்தி போதும். மடித்த தாளின் மடிப்பில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு வெட்டு, நடுத்துண்டை உள்பக்கமாகத் தள்ளினால் அட்டையைத் திறக்கும்போது ஒரு சிறு படி எழுந்து நிற்கும். அதன் முகப்பில் எதை ஒட்டினாலும் துள்ளி வரும்.

1837இல் ஜெர்மனியில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய ஃபிரெடரிக் ஃப்ரோபெல், காகிதத்தை மடிப்பதையும் வெட்டுவதையும் பின்னுவதையும் கற்பித்தலின் பகுதியாகவே வைத்தார். பிள்ளை கையால் செய்து பார்த்தே உருவங்களை அறிகிறது என்பது அவருடைய கருத்து. பாதி, கால், அரைக்கால் என்று வாயால் சொல்லிக்கொண்டே மடிக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “மிச்சத்தை நான் ஒட்டி முடிக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். முடியாமல் நின்றதை முடியாமலே வைத்திருங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்ட நாள் மறக்கவில்லை. பெற்றோர் பார்க்க வரும் நாளுக்காக வகுப்பில் பிள்ளைகள் விளக்குக் கூடு செய்திருந்தார்கள். மாலையில் எல்லோரும் போன பிறகு பார்த்தேன். சில கூடுகள் சாய்ந்திருந்தன, சிலவற்றில் ஒட்டு பிரிந்திருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். பிரித்து, நேராக்கி, விளிம்புகளை வெட்டிச் சீர்செய்து மறுபடி ஒட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான். திரும்பி வந்தான். அவன் பெயர் எழுதிய கூட்டை நான் எடுத்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னுது இல்ல மிஸ். என்னுது சாஞ்சு இருக்கும்” என்றான். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பிள்ளை முடித்த எதையும் நான் தொட்டுத் திருத்துவதில்லை.

உதவி கேட்டால் செய்யுங்கள், ஆனால் அவர்கள் தாளில் வேண்டாம். உங்களுக்கென்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அதில் செய்து காட்டுங்கள். “நன்றாக இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “இந்த இடத்தில் எப்படி வெட்டினாய்?” என்று கேட்பது பிள்ளைக்குப் பிடிக்கும். இருபது நிமிடம் உட்கார்ந்தால் அதுவே நிறைவான நேரம். சலிப்பதற்கு முன்னால் நீங்களே நிறுத்திவிட்டால் மறுநாள் அவர்களே கேட்டு வருவார்கள். நறுக்குகளைப் பெருக்குவது மூவருக்கும் பொது. வண்ண நறுக்குகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அட்டைகளில் ஒட்ட உதவும்.

செய்தவற்றைச் சுவரில் டேப் போட்டு ஒட்டாதீர்கள், எடுக்கும்போது கிழியும். ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு நூல் கட்டி, துணிக்கவ்விகளால் தொங்கவிடுங்கள். பனிப்பூக்களுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் அழகு. சின்னவளின் கண் உயரத்துக்கு நூல் இருக்கட்டும், உங்கள் உயரத்துக்கு வேண்டாம்.

நாளைக் காலை இப்படித் தொடங்குங்கள். இன்று இரவே ஒரு தாளை ஒன்பது பட்டையாக வெட்டி வையுங்கள். காலையில் தரையில் பட்டைகளையும் பசையையும் பரப்பிக்கொண்டு உட்காருங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம். முதல் வளையத்தை ஒட்டி, பத்து வரை சத்தமாக எண்ணுங்கள். இரண்டாவதைக் கோப்பதற்குள் பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்திருக்கும்.